நாற்பத்திரண்டு ஷ்னிட்ஸும் ஒரு சும்மா ஞாயிறும்

ட்ருசில்லா ரீல் நாற்பத்திரண்டு ஷ்னிட்ஸ் சுட்டாள். அத்தனையும் தப்பான ஞாயிற்றுக்கிழமைக்கு. அதில் பாதித் தப்பு என்னுடையது. என் பாதியைப் பற்றி எங்கள் அம்மா வேண்டிய மட்டும் பேசிவிட்டார் என்பதால், இங்கே ட்ருசில்லா அக்காவைப் பற்றி மட்டும் எழுதலாம் என்றிருக்கிறேன்.

அக்காவுக்கு முப்பத்தொரு வயது. ஆள் உயரம், தோள் அகலம். நடந்து நான் பார்த்ததில்லை. கிணற்றுக்கு ஓட்டம், மாட்டுக் கொட்டகைக்கு ஓட்டம், அழுகிற பிள்ளையிடம் ஓட்டம். அவள் சிரித்தால் முற்றத்துக் கோழிகள் கொத்துவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கும். இண்டியானாவில் பிறந்தவள். அங்கே ஒரு கல்யாணத்துக்குப் போன அப்னர் அண்ணன், வண்டியிலிருந்து இறங்கும்போது கால் இடறி அவள் கையிலிருந்த உருளைக்கிழங்குச் சட்டிக்குள் விழுந்தாராம். அவர் எழுந்து மீசையில்லாத வாயைத் துடைத்துக்கொண்டு "உப்பு சரியா இருக்கு" என்றாராம். அப்புறம் என்ன, அடுத்த இலையுதிர் காலத்தில் அவர்களுக்கே கல்யாணம்.

எட்டு வருடம் இண்டியானாவில் இருந்துவிட்டு, இந்த ஏப்ரலில்தான் பென்சில்வேனியாவுக்கு, அப்னர் அண்ணன் பிறந்த பக்கமே வந்து பண்ணை வாங்கினார்கள். பெண்கள் போடும் இண்டியானாத் தொப்பிக்கு மடிப்பு வேறு, எங்கள் ஊர்த் தொப்பிக்கு வெட்டு வேறு. வந்த மாதமே அக்கா எங்கள் வெட்டில் ஆறு வெள்ளைத் தொப்பிகள் தைத்துக்கொண்டாள். பேச்சை மட்டும் பிரித்துத் தைக்க முடியவில்லை. அவள் வாயைத் திறந்தால் எங்கள் பெண்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பார்கள்.

நான் லாவினா எஷ். வயது பதினைந்து. எட்டாம் வகுப்போடு பள்ளி முடிந்தது, காரும் கரண்டும் வைத்துக்கொள்ளாத எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் முடிவதுபோல. கடைசி நாளில் எங்கள் டீச்சர் அழுதார். துக்கத்தில் அல்ல. அவர் மேசை டிராயருக்குள் நான் வைத்த கோழி, முட்டை வேறு இட்டிருந்தது. செப்டம்பரில் ட்ருசில்லா அக்காவின் மூன்று பிள்ளைகளுக்கும் ஒருவர் பின் ஒருவராக அம்மைக் கொப்புளம் வந்தபோது, ஏற்கனவே அம்மை வந்து போனவள் என்ற ஒரே தகுதியில் என்னை அந்த வீட்டு வேலைக்கு அனுப்பினார்கள். எங்கள் வீடு நான்கு மைல் தள்ளி, வேறு சபையில்.

தப்பு அங்கேதான் முளைத்தது. சபை ஒவ்வொரு ஞாயிறும் கூடாது. ஒன்று விட்டு ஒன்று, ஒவ்வொரு முறையும் ஒருவர் வீட்டில். எங்கள் சபை கூடும் ஞாயிறு அவர்களுக்குச் சும்மா ஞாயிறு. அவர்கள் கூடும் ஞாயிறு எங்களுக்குச் சும்மா. சும்மா ஞாயிறு என்றால் சும்மா இருப்பது அல்ல. யார் வீட்டுக்கு வேண்டுமானாலும் சொல்லாமல் வண்டியைத் திருப்பி, மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிடலாம்.

மூன்று வாரம் கொப்புளத்தோடு வீட்டுக்குள்ளேயே கிடந்ததில் அக்காவுக்கு ஞாயிறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. சின்னவன் முதுகில் மருந்து தடவிக்கொண்டே ஒரு நாள் கேட்டாள்.

"லாவினா, வர்ற ஞாயிறு சபைதானே?"

"ஆமாக்கா" என்றேன். என் தலை எங்கள் வீட்டு ஞாயிறுப்படி ஓடிக்கொண்டிருந்தது.

அந்தச் சபைதான் முதல்முறையாக அக்கா வீட்டில் கூட இருந்தது. கென்டக்கியில் இருக்கும் தம்பியின், காற்றடித்துச் சாய்ந்த களஞ்சியத்தை நிமிர்த்தப் போகிற அவசரத்தில் இருந்த அப்னர் அண்ணன், "சபைக்கு முன்னாடி வந்துடுவேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாடகை வேனில் ஏறிவிட்டார். எந்தத் தேதி என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பிறகு தொடங்கியது துடைப்பு. சுவர், கூரை, விளக்குக் கண்ணாடி, அடுப்பின் வயிறு, அலமாரியின் முதுகு. குதிரையின் குளம்பைக்கூடத் துடைக்க வைத்தாள். நாற்காலி மேல் ஏறி நின்று கூரையைத் தேய்த்துக்கொண்டே ஒரு நாள் சொன்னாள்.

"ஆறு மாசமாச்சுடி. எல்லாரும் நல்லாத்தான் பேசறாங்க. ஆனா ஒரு சும்மா ஞாயிறுல, ஒரே ஒருத்தர், வண்டிய நம்ம வாசல் பக்கம் திருப்பினாங்களா? ஒருத்தர்?"

"கொப்புளம்னு பயந்திருப்பாங்கக்கா."

"கொப்புளம் செப்டம்பர்ல வந்துச்சு. நாங்க ஏப்ரல்ல வந்தோம்." துணியை வாளியில் பிழிந்தாள். "இந்தச் சபை நல்லா நடக்கணும். அதுக்கப்புறமும் யாரும் வரலன்னா, இண்டியானாவுக்கே போயிடலாம்னு அப்னர்கிட்ட சொல்லப் போறேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கோழிகள் தலையைத் தூக்கவில்லை.

சபைக்கு முந்தைய வியாழன்தான் சுடுகிற நாள். உலர்ந்த ஆப்பிளை வேகவைத்து மசித்து, மாவுக்குள் வைத்து மூடித் தட்டளவில் சுட்டால் ஷ்னிட்ஸ். ஷ்னிட்ஸ் இல்லாமல் சபைச் சாப்பாடு கிடையாது. எந்த வீட்டில் சபையோ, அந்த வீட்டுக்குப் பெண்கள் வியாழக்கிழமை காலையிலேயே மாவு தேய்க்கும் கட்டையோடு வந்து இறங்கிவிடுவார்கள். அக்கா பதினொரு காபிக் கோப்பைகளை மேசையில் வரிசையாக வைத்தாள். எட்டு மணி. ஒன்பது. பத்துக்கு ஒரு வண்டிச் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடினாள். அது பால் லாரி.

பதினொரு மணிக்குக் கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தாள்.

"உனக்கு ரெண்டு கை, எனக்கு ரெண்டு கை. நாலு போதும்" என்றாள்.

அன்று முழுக்க மாவு பிசைந்தோம். நான் ஒரு ஷ்னிட்ஸின் மேல் மாவில், அக்காவின் சபை ஊழியரான டீக்கன் பெனுவேலின் நீளத் தாடியைச் செய்து ஒட்டினேன். மற்ற நாளாக இருந்தால் தரையில் உட்கார்ந்து சிரித்திருப்பாள். அன்று கட்டைவிரலால் தாடியை அழுத்தித் தட்டையாக்கினாள். சாயங்காலம் எண்ணிப் பார்த்தபோது நாற்பத்திரண்டு. நிலவறை அலமாரியில் இடம் போதாமல் தையல் மெஷின் மேலும் அடுக்கினோம்.

சனிக்கிழமை மத்தியானம் ஆகியும் பெஞ்சு வண்டி வரவில்லை. சபைப் பெஞ்சுகளும் பாட்டுப் புத்தகங்களும் ஒரு மூடு வண்டியில் வீடு வீடாகப் போகும்; போன தடவை சபை கூடிய ஸூக் வீட்டிலிருந்து எங்களுக்கு வர வேண்டும்.

"பெஞ்சையும் காணோம், புருஷனையும் காணோம்" என்றாள் அக்கா. "போய்க் கேட்டுட்டு வா. சண்டை போடாதே."

காலால் உந்தி ஓட்டும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வயலைச் சுற்றிப் பறந்தேன். ஸூக் வீட்டுக் கொட்டகையில் பெஞ்சு வண்டி சாவகாசமாக நின்றுகொண்டிருந்தது. அதன் மேல் ஒரு பூனை. சலோமி ஸூக் கொடியிலிருந்து போர்வையை எடுத்துக்கொண்டிருந்தார்.

"வாடி, எஷ் வீட்டுப் பொண்ணு. ட்ருசில்லாகிட்ட சொல்லு, வியாழக்கிழமை நாங்க பதினோரு பேரும் வந்துடுவோம்னு."

"எந்த வியாழன்?"

"வர்ற வியாழன்தான். போன வியாழனுக்கா வருவாங்க?"

விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன். சபை அடுத்த ஞாயிறு. நாளை சும்மா ஞாயிறு. நாற்பத்திரண்டு ஷ்னிட்ஸும் அடுத்த ஞாயிறுக்குள் பூசணம் பிடித்துவிடும். அதைவிட மோசம், விஷயம் வெளியே தெரிந்தால் ஞாயிறு எண்ணத் தெரியாத இண்டியானாக்காரி என்று அக்காவின் பேரப்பிள்ளைகளைக்கூடச் சொல்லுவார்கள். எங்கள் ஊரில் பட்டப்பெயர் ஒட்டினால் தோலோடுதான் உரியும்.

"ஏன்டி முகம் மாவு மாதிரி இருக்கு?" என்றார் சலோமி.

நேராகவே கேட்டுவிட்டேன். "நீங்க ஏன் ஒரு சும்மா ஞாயிறுகூட எங்க அக்கா வீட்டுக்கு வந்ததில்ல?"

சலோமி போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டு யோசித்தார். "அவ எப்பப் பாரு ஓடிக்கிட்டே இருக்காளே. வேலையா இருக்கறவள எப்படிப் போய்த் தொந்தரவு பண்றது? நான் மூணு தடவை வேலி வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன்."

மூன்று தடவை! வேலி வரைக்கும்!

அந்த இடத்தில்தான் எனக்கு யோசனை பிறந்தது. நல்ல யோசனை என்று இன்றும் சொல்வேன், அம்மா பக்கத்தில் இல்லாதபோது.

"நாளைக்கு அவங்க ஓட மாட்டாங்க" என்றேன். "அண்ணன் ஊர்ல இல்ல. பசங்களுக்குக் கொப்புளம் எல்லாம் உதிர்ந்துடுச்சு. தனியாத்தான் இருப்பாங்க. நீங்க வந்தா ரொம்ப சந்தோஷப்படுவாங்க. ஆனா வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க. கூட்டம்னா அவங்களுக்கு ஆகாது."

கடைசி வாக்கியம் பொய். மற்றதெல்லாம் சுத்தமான உண்மை.

அங்கிருந்து லாடம் அடிக்கும் உரியா கிளிக்கிடம் போனேன். அவரிடம் நீளமாகப் பேசத் தேவையில்லை.

"ட்ருசில்லாக்கா ஷ்னிட்ஸ் சுட்டிருக்காங்க. நாளைக்குப் போனா கிடைக்கும்."

சுத்தியல் நின்றது. "எத்தனை?"

"உங்களுக்குப் போதும்."

அடுத்தவர் லிடியான் லாப். யார் வீட்டு அலமாரியில் எத்தனை தட்டு என்று தெரியாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

"அக்கா பாத்திர அலமாரியோட முதுகைக்கூடத் துடைச்சிருக்காங்க" என்றேன். "சபையன்னிக்குக் கூட்டத்துல யாரால பாக்க முடியும்? நாளைக்குன்னா நீங்க மட்டும் நிதானமாப் பாக்கலாம்."

"எனக்கென்ன அடுத்தவங்க அலமாரி?" என்றார் லிடியான். பிறகு, "பத்து மணிக்கு வந்தா சரியா இருக்குமா?"

இப்படிப் பதினேழு வீடு, எல்லா வீட்டிலும் கடைசியில் அதே 'கூட்டம்னா ஆகாது' பொய்யோடு. ஒரு வீடு மட்டும் போகவில்லை: டீக்கன் பெனுவேல் வீடு. போன வருடம் எங்கள் சபைக்கு விருந்தாளியாக வந்திருந்தபோது, வராந்தாவில் அடுக்கியிருந்த நாற்பது கறுப்புத் தொப்பிகளையும் நான் இடம் மாற்றி வைத்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். அன்று அவர் தலைக்குக் கிடைத்தது பன்னிரண்டு வயதுப் பையனின் தொப்பி.

வீட்டுக்குத் திரும்பி அக்காவிடம் ஞாயிறு விஷயத்தை மட்டும் சொன்னேன்.

"அடுத்த வாரமா?" என்றாள். "அப்போ அவங்க வியாழக்கிழமை..."

"வராங்கக்கா. பதினோரு பேரும். வர்ற வியாழன்."

அவள் முகம் விளக்கேற்றியதுபோல ஆனது. உடனே அணைந்தது. நிலவறைப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"வந்து இந்த நாப்பத்திரண்டையும் பாத்தா? ஐயோ லாவினா! பன்னிக்குப் போட்டுடலாம். இப்பவே. வாளியை எடு."

"பன்னிக்கு நாப்பத்திரண்டு ஆகாதுக்கா, வயித்த வலிக்கும். நாளைக்கு ஒரு நாள் பொறுங்க. சும்மா ஞாயிறுதானே, யாராவது வந்தா?"

"யாரு வருவா?" என்றாள் அக்கா.

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

ஞாயிறு காலை ஒன்பதே முக்காலுக்கு லிடியான் லாப் வந்துவிட்டார், புருஷனும் ஐந்து பிள்ளைகளுமாக. அக்கா ஒரு கணம் வாசலில் அசையாமல் நின்றாள். பிறகு ஓடினாள் பாருங்கள், ஒரு செருப்பு முற்றத்திலேயே கிடந்தது. "வாங்க, வாங்க! எங்க வீட்டுக்கா? நிஜமா எங்க வீட்டுக்கா?"

லிடியானை உள்ளே உட்கார வைப்பதற்குள் சலோமி வீட்டு வண்டி திரும்பியது. சலோமி இறங்கி லிடியானைப் பார்த்தார். லிடியான் சலோமியைப் பார்த்தார்.

"நீயுமா?"

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன்."

அதற்குப் பின்னால் உரியா. அவருக்குப் பின்னால் பாதையில் இன்னும் மூன்று சாம்பல் நிறக் குதிரை வண்டிகள். பத்தரை மணிக்குப் பதினேழு வண்டியும் முற்றத்தில் நின்றன. வந்த ஒவ்வொருவரும் என்னைத் தேடினார்கள். நான் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டுவதில் மிகவும் மும்முரமாக இருந்தேன்.

பெஞ்சு இல்லை அல்லவா? ஆண்கள் வைக்கோல் கட்டுகளிலும் கவிழ்த்த பால் வாளிகளிலும் உட்கார்ந்தார்கள். அக்கா என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள். கன்னம் இரண்டும் சிவந்திருந்தது.

"இதென்னடி? நூறு பேர் இருக்காங்க! என்ன கொடுக்கறது?"

"நிலவறையில ஏதோ இருக்குன்னு ஞாபகம்" என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நிலவறைக்கு ஓடினாள்.

எல்லோரும் தலை குனிந்து மௌனமாக ஜெபித்து நிமிர்ந்தோம். முதல் ஷ்னிட்ஸ் வெட்டுப்பட்டது. இத்தனை எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. வாய் காலியாக இல்லை. ரகசியம் பிழைத்துவிட்டது என்று நான் மூச்சு விட்ட நேரத்தில் பாதையில் ஒரு வண்டி தலைதெறிக்க வந்தது.

டீக்கன் பெனுவேல். மனைவி, ஆறு பிள்ளைகள், எல்லோரும் சபை உடுப்பில். அவர் வெள்ளைச் சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. தாடியில் இன்னும் தண்ணீர் சொட்டியது. குதிரையைக் கட்டாமலே குதித்து, குனிந்தபடி வந்து, உரியாவின் காதில் கேட்டார்.

"முதல் பாட்டு முடிஞ்சிடுச்சா?"

உரியா விரலால் வாயைக் காட்டினார். கன்னத்தில் ஷ்னிட்ஸ்.

டீக்கன் முற்றத்தின் நடுவில் வந்து தொப்பியைக் கழற்றினார். "எல்லாரும் மன்னிக்கணும். எனக்கு ஞாயிறு தப்பிப் போச்சு. வீட்டுல சும்மா உக்காந்திருந்தேன். ரோட்டுல பதினேழு வண்டி இந்தப் பக்கம் போகுது. அப்புறம்தான் எனக்கு... இருபத்திரண்டு வருஷத்துல இப்படி ஆனதே இல்ல."

இன்று சபை இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் பின்னே நாம் எல்லோரும் ஏன் இங்கே இருக்கிறோம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அக்கா சமையலறை வாசலில், கைக்கொன்றாக இரண்டு ஷ்னிட்ஸ் தட்டோடு நின்றாள். நான் கொட்டகைப் பக்கமிருந்து வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். சும்மா இருந்தால் போதும். டீக்கன்தான் தப்பாக எண்ணினார் என்று கதை முடிந்துவிடும். அவள் தப்பு யாருக்குமே தெரியாது.

அவள் டீக்கனின் மாறிப் போட்ட பொத்தானைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பு! முற்றத்துக் கோழி என்ன, கட்டியிருந்த குதிரைகள்கூடத் திரும்பின.

"பெனுவேல், உங்களுக்கு ஒண்ணும் தப்பல! தப்பினது எனக்கு! சபை அடுத்த வாரம்தான். நான் ஒரு வாரம் முந்தி நாப்பத்திரண்டு சுட்டு வச்சிட்டேன்!"

"நாப்பத்திரண்டா?" என்றார் சலோமி.

"நாப்பத்திரண்டு! இதுல நீங்க யாரும் வியாழக்கிழமை உதவிக்கு வரலன்னு கோவம் வேற. ஒவ்வொண்ண மூடும்போதும் உங்கள்ல ஒருத்தரத் திட்டிக்கிட்டேதான் மூடினேன். லிடியான், நீங்க சாப்பிடறது அனேகமா உங்களத் திட்டினதுதான்."

லிடியான் மென்று விழுங்கினார். "அதான் இவ்வளவு நல்லா இருக்கு" என்றார்.

அவ்வளவுதான். சலோமி இடுப்பில் கட்டியிருந்த மேல்துணியைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். உரியா இருமி இருமி முதுகில் தட்டு வாங்கினார். டீக்கன் பெனுவேலுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நிம்மதியில் ஒரு வாளி மேல் உட்கார்ந்தார். அக்கா அவர் மடியில் ஒரு தட்டை வைத்தாள். மூன்று துண்டு சாப்பிட்டுவிட்டுக் கேட்டார்.

"அப்போ இவங்க எல்லாரையும் யாரு கூட்டினது?"

நூறு தலைகள் என் பக்கம் திரும்பின. குதிரை மட்டும் விசுவாசமாகத் தண்ணீர் குடித்தது.

"லாவினா எஷ். எத்தனை வீட்டுக்குப் போன?"

"பதினேழு."

"எங்க வீட்டுக்கு?"

"பயமா இருந்துச்சு. தொப்பி..."

"தொப்பியை நான் எப்பவோ மறந்தாச்சு." தட்டில் மிச்சமிருந்த துணுக்கை விரலால் ஒற்றி எடுத்தார். "சொல்லியிருந்தா பொத்தானையாவது ஒழுங்காப் போட்டுட்டு வந்திருப்பேன்."

பால் கறக்கும் நேரம் வரை யாரும் எழவில்லை. பெண்கள் பாத்திரம் கழுவினார்கள். லிடியான் மனம் போல அலமாரியின் முன்னையும் பின்னையும் பார்த்தார். அக்காவின் இண்டியானாப் பேச்சை அவள் முகத்துக்கு நேராகவே பேசிக் காட்டினார்கள். அவள் பதிலுக்கு அவர்கள் பேச்சைப் பேசிக் காட்ட, அது இன்னும் மோசமாக இருந்தது. ஜன்னலை ஒருவரும் பார்க்கவில்லை.

போகும்போது ஒவ்வொரு வண்டியிலிருந்தும் ஒரு தலை எட்டிப் பார்த்தது. "வியாழக்கிழமை வரோம். நீ அடுப்புப் பக்கமே வராத, எண்ணிக்கை எங்க பொறுப்பு."

எல்லோரும் போனதும் அக்கா என் காதைப் பிடித்தாள். "எனக்குக் கூட்டம் ஆகாதுன்னு பதினேழு வீட்டுல சொல்லியிருக்க. ஞாயித்துக்கிழமையாச்சேன்னு விடறேன். நாளைக்கு இருக்கு உனக்கு."

திங்கட்கிழமை துணி துவைக்கும் நாள். பொழுது விடியும்போதே மேசை விரிப்பு மலையின் முன்னால் நான் நின்றேன். துவைக்கும் மெஷினின் பெட்ரோல் எஞ்சினை அக்கா இழுத்துக் கிளப்பிய நேரத்தில், வயல் நடுவில் இடுப்பில் ஒரு பெரிய கூடையோடு சலோமி ஸூக் வந்துகொண்டிருந்தார். வேலியில் நிற்கவில்லை. ஏறிக் குதித்தார்.

"எங்க வீட்டு எஞ்சின் மக்கர் பண்ணுது ட்ருசில்லா. இங்கயே துவைச்சுக்கலாமான்னு..."

போன திங்கட்கிழமை அந்த எஞ்சினின் சத்தம் வயலைத் தாண்டி எனக்குத் தெளிவாகக் கேட்டது. நன்றாகத்தான் ஓடியது. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் என்பது சலோமியின் காதுமடல் சிவந்ததிலேயே தெரிந்தது.

"கேக்கணுமா? கொட்டுங்க உள்ள!" என்றாள் அக்கா.

இருவரும் மெஷின் பக்கத்தில் நின்று பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். அக்கா ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் நின்றதை அன்றுதான் பார்த்தேன். துணியெல்லாம் என் தலையில். ஸூக் வீட்டில் ஆறு பையன்கள், அக்கா வீட்டில் இரண்டு. எல்லாக் கால்சட்டையும் ஒரே கறுப்பு. சாயங்காலம் எந்தக் கால்சட்டை எந்த வீட்டுடையது என்று இருவராலும் பிரிக்க முடியவில்லை. மிச்சத்தைப் பிரிக்கச் சலோமி மறுநாளும் வர வேண்டியதாயிற்று.

கொடியில் இரண்டு வீட்டுக் கால்சட்டைகளையும் ஒழுங்காகத்தான் காயப்போட்டேன். ஒன்று விட்டு ஒன்று.